டெர்பியில் பிறக்கும் அணு உலைகள்

ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் கார்தான் நினைவுக்கு வரும். அந்தக் கார் நிறுவனம் இன்று ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கையில் இருக்கிறது. விமான எஞ்சின்களும், பிரிட்டிஷ் கடற்படை நீர்மூழ்கிகளுக்கு அணு உலைகளும் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ் வேறு. உலை வேலை நடப்பது இங்கிலாந்தின் டெர்பி நகரில்.

எல்லா அணு நீர்மூழ்கிகளும் அணுகுண்டு சுமப்பவை அல்ல. 'வான்கார்ட்' வகைக் கப்பல்களில் டிரைடன்ட் அணு ஏவுகணைகள் உண்டு. 'அஸ்டியூட்' வகையில் டார்பிடோக்களும் சாதாரண ஏவுகணைகளும்தான். இரண்டையும் ஓட்டுவது ஒரே ரக உலை.

உலையின் வேலை தண்ணீரைச் சூடாக்குவது. யுரேனியம் பிளவுபடும்போது எழும் வெப்பத்தை, பெரும் அழுத்தத்தால் கொதிக்காமல் வைக்கப்பட்ட நீர் ஏந்திச் செல்கிறது. குழாய்ச் சுவர் வழியே அது இன்னொரு நீருக்கு வெப்பத்தைக் கடத்த, அந்த நீர் ஆவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. இரண்டு நீரும் கலப்பதில்லை. இதில் எதற்கும் காற்று வேண்டியதில்லை; அதுதான் முக்கியம். டீசல் நீர்மூழ்கி பேட்டரியைச் சார்ஜ் செய்ய அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குழாயை நீட்டியாக வேண்டும். எதிரியிடம் அகப்படும் நேரம் அது. அணு நீர்மூழ்கிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. குடிநீரையும் ஆக்சிஜனையும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உணவு இருப்புதான் அதைக் கரைக்கு இழுக்கிறது.

பிரிட்டனின் முதல் அணு நீர்மூழ்கியான 'டிரெட்நாட்'டில் இருந்தது அமெரிக்க உலை. அமெரிக்காவோடு செய்த 1958 ஒப்பந்தம் அதற்கு வழி திறந்தது. 1966இல் பணிக்கு வந்த 'வேலியன்ட்'டில்தான் உள்நாட்டு உலை. இப்போதைய உலைகளுக்கு ஒருமுறை எரிபொருள் இட்டால் கப்பலின் ஆயுளான சுமார் 25 ஆண்டுகளுக்கும் போதும். அதற்கு அணுகுண்டுக்கும் உதவும் உயர்செறிவு யுரேனியம் தேவை, சிக்கலும் அங்கேதான். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா சேர்ந்த ஆக்கஸ் ஏற்பாட்டின்படி ஆஸ்திரேலியாவில் கட்டப்படும் நீர்மூழ்கிகளுக்கும் டெர்பியே உலை தரப்போகிறது. அணு ஆயுதம் இல்லாத நாட்டுக்கு இப்படிப்பட்ட எரிபொருள் போகலாமா? பற்றவைத்து மூடிய உலையாகத் தருவோம், இடையில் திறக்க வேண்டியிராது என்கிறது பிரிட்டன். அது போதாது. சர்வதேச அணுசக்தி முகமை எப்படிக் கண்காணிக்கும் என்பது உலகறிய எழுதிவைக்கப்பட வேண்டும்.

2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு நீர்மூழ்கி உலைகளுக்காக ரோல்ஸ் ராய்ஸோடு 8 ஆண்டுகளுக்கு, சுமார் 900 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. ஆனால் கணக்கு அத்தோடு முடியாது. 1980இல் ஓய்வுபெற்ற 'டிரெட்நாட்', எரிபொருளை அகற்றிய பின்னும், கதிரியக்கம் ஏறிய உலைப் பகுதியோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் கட்டிக் கிடந்தது. பழைய கப்பலைப் பிரிக்கும் செலவையும் புதிய உலையின் விலையோடு சேர்த்தே நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.