ரப்பர் தேய்ந்தால் லாபமா?

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி ஏறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தப் பாதையில் எங்காவது ஒரு பாறை உருண்டு வரும், இல்லையென்றால் சரிவே சாலைக்கு இறங்கிவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒரு பக்கம் நிற்கும், மூணாறிலிருந்து இறங்கும் கார்கள் இன்னொரு பக்கம் நிற்கும். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "மிஷின் வந்துருச்சா?" வந்த மிஷின் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. போகட்டும், வழியில் நிற்பவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள். மிஷினின் முதலாளியே கேட்பதில்லை என்பதுதான் கொடுமை.

குறிப்பாக அடியில் இருக்கும் மெத்தை பற்றி. புல்டோசருக்கு எதற்கு மெத்தை, அது என்ன ஏசி பஸ்ஸா என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். இரண்டு பக்கமும் செயின் ஓடுகிறது (புத்தகத்தில் ட்ராக், ஆபரேட்டர் வாயில் செயின்). அந்தச் செயினைத் தாங்கும் இரண்டு சட்டங்களின் முன்பகுதியையும் இன்ஜினுக்கு அடியில் குறுக்காக ஒரு கனத்த இரும்பு இணைக்கிறது. அதன் பெயர் ஈக்வலைசர் பார். நடுவில் ஒரே பின், தராசுக்கோல் மாதிரி. இடது செயின் பாறைமேல் ஏறினால் பார் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும்; வண்டியின் உடம்பு அத்தனை சாயாது. அந்தச் சாய்வு எல்லையைத் தொடும்போது இரும்பும் இரும்பும் நேராக மோதக்கூடாது என்பதற்காகத்தான் முனைகளில் ரப்பர் பேடு, பின்களில் புஷ். மாடலுக்கு மாடல் இடமும் வடிவமும் மாறும். பெரிய டோசர்களில் ரோலர்களையே ஜோடி ஜோடியாக, ரப்பர் வைத்த போகிகளில் மாட்டியிருப்பார்கள்; கேட்டர்பில்லர் 1977-ல் கொண்டுவந்த டி10 அப்படிப்பட்டதுதான்.

இன்னொன்று ரீகாயில் ஸ்பிரிங். முன்னால் இருக்கும் ஐட்லர் சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கல் மாட்டினால் ஐட்லர் பின்வாங்க இடம் கொடுப்பது இதுதான். ஹிட்டாச்சிக்கு (எந்தக் கம்பெனி எக்ஸ்கவேட்டரானாலும் ஊரில் அதற்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர்) ஈக்வலைசர் பார் கிடையாது, ஆனால் இந்த ஸ்பிரிங் உண்டு. இன்றைக்கு மலையில் டோசரைவிட அதுதான் அதிகம் என்பதால் அதன் முதலாளிகளும் தப்பிக்க முடியாது :-)

ரப்பருக்கு வயசாகும். இன்ஜினிலிருந்து சொட்டும் ஆயில் பட்டால் ஊறிப் பொதபொதக்கும், வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடிக்கும். பேடு போய்விட்டது என்பதை வண்டியே சொல்லும். மேட்டில் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால் படக்கூடாத இடத்தில் இரும்பு பட்டுப் பளபளவென்று ஒரு தழும்பு. அப்போதே மாற்றினால் வேலை சின்னது. வண்டியைத் தூக்கி, மரக்கட்டையில் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கப் பேடையும் சேர்த்து மாற்றிவிடலாம். தள்ளிப்போட்டால் அடி நடுப் பின்னுக்குப் போகும், அதன் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேயும், அப்புறம் பார், அப்புறம் மெயின் ஃபிரேமில் விரிசல். விரிசலுக்கு வெல்டிங், வெல்டிங் விட்டால் பட்டை வைத்து வெல்டிங். இப்படி ஒட்டுப்போட்ட வண்டி சரிவின் ஓரத்தில் நிற்கிறது. கீழே பள்ளம்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும், உடைஞ்சா பாத்துக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தத் தொழிலின் கணக்கியல் மொத்தமும் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்பவர் முட்டாள் இல்லை. ஏல மையத்தில் ஏலக்காய் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடிக் குறைந்தால் முகம் மாறுகிற ஊர் இது. இந்த ஊர்க்காரர் செயினுக்கு அடியில் கிடக்கும் பணத்தை எண்ணாமல் விடுவது எப்படி?

எண்ணாமல் விடச் சொல்வது புத்தகம்தான். ஒரு ரப்பர் பேடு வாங்கினால் அது ரிப்பேர் செலவு, அந்த வருஷத்து லாபத்தில் கழியும். வாங்காவிட்டால் கழியாது. அதாவது தேய்ந்த பேடு தேய்ந்தபடியே கிடக்கும் வரை, அந்தத் தேய்மானம் மொத்தமும் லாபம் என்ற பெயரில் முதலாளி கையில் இருக்கிறது. தவணை கட்டவும், வீட்டில் விசேஷம் செய்யவும் போகிறது. இதைச் சிக்கனம் என்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் இது கடன். கொடுத்தவர் யார் என்று எழுதாத கடன்.

பி.காம் படித்தவர் ஒருவர் உடனே கையைத் தூக்குவார்: எதிர்காலப் பழுதுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு காட்டக்கூடாது என்று கணக்கியல் தரம் 29 சொல்கிறதே? சொல்கிறது, சரிதான். உலைக்கு உள்பூச்சு சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்று தெரிந்திருந்தாலும் இன்றைக்கே அதை ஒரு பொறுப்பாகக் காட்ட முடியாது என்று அந்தத் தரமே உதாரணம் கொடுக்கிறது. ஆனால் அந்த உதாரணத்தின் மறுபாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்: உள்பூச்சைத் தனிப் பகுதியாக எடுத்து அதன் ஆயுளுக்குள் தேய்மானம் போட வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மண் அள்ளும் இயந்திரங்களுக்கு 9 வருஷ ஆயுள் என்கிறது. கூடவே, ஒரு பாகத்தின் விலை கணிசமானதாகவும் ஆயுள் வேறாகவும் இருந்தால் அதைத் தனியாகக் கணக்கிடு என்றும் சொல்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். செயின் வண்டியின் மொத்தப் பராமரிப்புச் செலவில் பாதி வரைக்கும் அடிப்பாகம் மட்டுமே தின்றுவிடும் என்று வண்டி செய்பவர்களே சொல்கிறார்கள். இதைவிடக் கணிசமான பாகம் எது? மலையடிவாரத்தில் ஒற்றை மிஷின் வைத்திருப்பவர் கம்பெனி இல்லை, அவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. சட்டம் பொருந்தாது என்பதால் இரும்பு தேயாமல் இருக்குமா?

ஒரு மனக்கணக்கு. உதாரணத்துக்குத்தான், நிஜ விலை மாடலைப் பொறுத்தது. பேடு, புஷ், கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய், 3,000 மணி நேரம் வரும் என்று வைத்தால் மணிக்கு 20 ரூபாய். கால் லிட்டர் டீசல் விலைகூட இல்லை. பேடு தயாராக இல்லாமல் மழை நாளில் மேலே நின்றுபோன மிஷினுக்கு மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ சாமான் வரும்வரை ஆகும் நஷ்டத்தை இதோடு ஒப்பிட வேண்டுமா என்ன.

குற்றம் முழுக்க முதலாளி தலையில் போடுவதும் நியாயமில்லை. மூணாறு - போடிமெட்டு சாலை, சுமார் 42 கிலோமீட்டர், 381 கோடி ரூபாயில் அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. இது மாதிரி வேலைகளின் எஸ்டிமேட்டில் டோசருக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்தத் தொகை ஒப்பந்தக்காரரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கும், அங்கிருந்து மிஷின்காரருக்கும் இறங்குவதற்குள் எத்தனை வளைவு திரும்ப வேண்டும்! ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் சிந்தும். கடைசியில் டீசல், ஆபரேட்டர் பேட்டா, தவணை இந்த மூன்றுக்கும் போக எதுவும் மிஞ்சாது. வாடகையை அடித்துப் பேசிக் குறைப்பவர் சாமர்த்தியசாலி என்று பெயர் எடுக்கிறார். அவர் குறைத்தது ரப்பர் பேடை.

அந்தக் கடனைக் கொடுத்தவர் யார் என்று பாக்கி வைத்த கேள்விக்குப் பதில், சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள். அடியில் ரப்பர் வாங்க வேண்டிய அடியை மேலே அவர் முதுகெலும்பு வாங்குகிறது. உடம்பு முழுதும் அதிரும் வேலையில் வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்கு இடுப்பு வலி வரும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே இதற்கு ஒரு எல்லை போட்டது: எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 0.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. இங்கே ஆபரேட்டர் சீட்டுக்கு மேல் ஒரு தலையணையை மடித்துப் போட்டுக்கொள்கிறார். ராத்திரி தைலம். பதினைந்து வருஷம் கழித்து அவரால் ஏறி உட்கார முடியாதபோது முதலாளி வேறு ஆள் பார்ப்பார். வண்டிக்காவது ஒன்பது வருஷம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது.

"பழைய லாரி டயரை வெட்டி வெச்சாலும் ஓடுமே" என்பார்கள். ஓடும். ஆனால் அந்த பேடு இரும்புத் தகட்டோடு ஒட்டி வார்த்தது, எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. டயர்த் துண்டு வேறு அளவில் அமுங்கும், வேறு இடத்தில் பிதுங்கும், ஒரு நாள் நழுவி விழும். இன்னொரு வைத்தியம் இருக்கிறது: சரிவில் செயின் கழன்றுவிடும் என்று பயந்து கிரீஸ் கன்னை வைத்து செயினை வீணைத் தந்தி மாதிரி இறுக்குவது. கோமட்சு டோசர் கையேடுகளைப் புரட்டினால் ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு கேட்கும். மழைக்காலச் செம்மண் ஸ்ப்ராக்கெட் பல்லில் அப்பிக்கொண்டால் செயின் தானாகவே இறுகும்; அதன்மேல் கையாலும் இறுக்கினால் ரீகாயில் ஸ்பிரிங் எப்போதும் மூச்சுமுட்ட நிற்கும். கல் மாட்டும் நாளில் பின்வாங்க இடம் இருக்காது.

அந்த ஸ்பிரிங் உடைந்தால் மட்டும் தயவுசெய்து சாலையோரத்தில் கேஸ் கட்டரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். பல டன் அழுத்தத்தில் அடைத்து வைத்தது அது. பிரஸ் இல்லாமல் பிரித்தால் ஆளைக் கொல்லும். செயினைத் தளர்த்தும் கிரீஸ் வால்வும் சாது இல்லை. ஒரு சுற்றுக்கு மேல் திருப்பினால் வால்வே குண்டு மாதிரி தெறிக்கலாம், அதற்கு நேராக முகத்தைக் காட்டக்கூடாது. மெக்கானிக்குக் கொடுக்கிற கூலியில் மிச்சம் பிடிக்க ஆபரேட்டரையும் ஹெல்ப்பரையும் இதில் இறக்குகிறவர்களைச் சிக்கனக்காரர் என்று அழைக்க வாய் வரவில்லை.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை பேசும்போது டீசல் யாருடையது, பேட்டா யாருடையது என்று பேசுகிற அதே மூச்சில் அடிப்பாகத்துக்கு மணிக்கு இத்தனை ரூபாய் என்று தனியாக எழுதலாம். மணி மீட்டர் வண்டியிலேயே இருக்கிறது, அது பொய் சொல்லாது (யாராவது வயரைப் பிடுங்காதவரை). மழை பிடிப்பதற்குள், புரட்டாசியிலேயே, மேலே ஏற்றும் ஒவ்வொரு மிஷினையும் அடிவாரத்தில் நிறுத்தி ஒருவர் டார்ச் அடித்து அடியில் பார்க்கலாம். இரும்பு இரும்பில் பட்ட தழும்பு இருந்தால் அந்த வண்டி டிரெய்லரில் ஏறக்கூடாது.