சேற்றுக்கும் சாட்சி வேண்டும்

2018 அக்டோபரில் ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. சிங்கப்பூர் அரசு மண்டாய் சேற்றுப் படுகையையும் அதையொட்டிய அலையாத்திக் காட்டையும் இயற்கைப் பூங்காவாகக் காக்கப் போவதாக அறிவித்தது. எழுபது ஹெக்டேரைச் சற்றே தாண்டும் இடம் அது. ஜொகூர் மாநில அரசோ, 1997 முதல் தேசியப் பூங்காவாக இருந்த கூக்குப் தீவின் அந்தத் தகுதியை அரசிதழ் வழியே நீக்கியது. முதல் முடிவு மேடை போட்டுச் சொல்லப்பட்டது. இரண்டாவது, டிசம்பரில் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது.

கூக்குப் சாதாரணத் தீவு அல்ல. 647 ஹெக்டேர் பரப்பும் அலையாத்திக் காடு. மனிதக் குடியிருப்பு கிடையாது. உலகில் இப்படி ஆளில்லாத அலையாத்தித் தீவுகளில் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. எதிரே ஒரு கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் வீடுகளோடு கூக்குப் லாவுட் மீனவர் கிராமம் இருக்கிறது. கூண்டு மீன் வளர்ப்பும் கடலுணவுக் கடைகளும் அங்கே பிழைப்பதற்குக் காரணம், காற்றையும் அலையையும் இந்தத் தீவு வாங்கிக்கொள்வதுதான். 2003 ஜனவரி 31 அன்று கூக்குப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகிய மூன்று ஜொகூர் ஈரநிலங்களும் ஒரே நாளில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின.

தகுதி நீக்கச் செய்தி வெளியானதும் இயற்கை ஆர்வலர்கள் கொதித்தார்கள். விவகாரம் கூட்டரசு வரை போனது. தீவு சுல்தானக நிலமாகிறது, அதன் பாதுகாப்பு தொடரும் என்று மாநிலத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த வாக்குறுதியை ஐயுற வேண்டியதில்லை. கேள்வி நடைமுறை பற்றியது. உலகப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு காட்டின் சட்டத் தகுதி, இரண்டு மாதம் யார் காதிலும் விழாமல் மாறிவிட முடிகிறதே, எப்படி? அங்கே வாடிக்கையாகப் போய்வந்து, கணக்கெடுத்து, மாற்றத்தை உடனே கவனிக்கிற கூட்டம் போதிய அளவில் இல்லை என்பதே இதற்கு நேர்மையான பதில்.

எண்ணியதால் பிழைத்த நிலம்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ இதற்கு நேர்மாறான கதை. 1980களில் அது கைவிடப்பட்ட இறால் குட்டைகளும் சேறுமாகக் கிடந்த மூலை. வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1986இல் ரிச்சர்ட் ஹேல் என்ற பறவை ஆர்வலர் அங்கே வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குவதைக் கண்டார். அன்றைய மலாயன் இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை எந்தப் பறவை, எப்போது, எத்தனை என்று கணக்கெடுத்து அரசிடம் முன்மொழிவாகக் கொடுத்தது. 1989இல் அரசு இசைந்தது. 1993 டிசம்பர் 6 அன்று 87 ஹெக்டேர் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி காப்பகமானது. இன்று 202 ஹெக்டேர். நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் நாடு, ஓய்வு நேரப் பறவை ஆர்வலர்கள் தொகுத்த எண்களுக்கு மதிப்புக் கொடுத்தது.

மண்டாய் முடிவுக்குப் பின்னாலும் அதே தர்க்கம்தான் இருந்தது. சுங்கை பூலோவில் ஒதுங்கும் பறவைகள் இரை தேடுவது காப்பகத்துக்கு வெளியே, மண்டாய் சேற்றில். படுக்கையறையைக் காத்துவிட்டு அடுப்படியை விற்றால் குடும்பம் எப்படி நடக்கும்? பறவை எங்கே உண்கிறது, எங்கே ஒதுங்குகிறது என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததால்தான் அந்த உண்மை கோப்பில் ஏறியது.

ஜொகூரில் அடுப்படிகளுக்குப் பஞ்சமில்லை. மூவாருக்குத் தெற்கே பாரிட் ஜாவா என்றால் பெரும்பாலோர்க்கு அசாம் பெடாஸ் மீன்குழம்புக் கடைகள் நினைவுக்கு வரும். அந்தக் கடைகளுக்குப் பின்னால், மீன்பிடிப் படகுகள் அணையும் சிறு துறையில், கடல் வற்றும் நேரத்தில் நின்று பாருங்கள். ஏறக்குறைய நம் இடுப்புக்கு மேல் உயரமுள்ள பெருநாரைகள் சேற்றில் நடக்கும். மலாய்க்காரர்கள் புரோங் போத்தாக் என்பார்கள். தலையில் மயிர் கிடையாது, கழுத்து மஞ்சளாக இருக்கும், அலகு தடித்து நீண்டிருக்கும். ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கும். சற்றுத் தள்ளிக் கோட்டான் என்ற கரைப்பறவை ஒன்று வளைந்த அலகை நண்டு வளைக்குள் முழுதாகச் செருகி, இழுத்த நண்டை இப்படியும் அப்படியும் உதறிக் கால்களை உதிர்த்துவிட்டு விழுங்கும். பவளக்காலி மேல்பரப்பிலேயே கொத்திக்கொண்டு ஓடும். அலகின் நீளத்துக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் சேற்றில் ஓர் ஆழம் ஒதுக்கீடு.

பறவைக்காரர்கள் நெடுங்காலமாகத் தேடிப் போகும் இந்தக் கரை, கூக்குப் முன்பு இருந்ததுபோல் தேசியப் பூங்காவும் இல்லை, தஞ்சோங் பியாயைப் போல ராம்சார் தலமும் இல்லை. பறவைகள் வருவது சேற்றை நம்பி. அரசிதழை நம்பி அல்ல.

வெறுஞ்சேறு அல்ல

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரைகளில் இறங்கும் பறவைகள் கிழக்காசிய–ஆஸ்திரேலிய வலசைப் பாதையின் பயணிகள். சைபீரியாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கடக்கும் பாதை அது. ஐந்து கோடி நீர்ப்பறவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. ஆனால் எல்லாப் பறவைக்கும் அந்த வலு இல்லை. பெரும்பாலானவை இடையிடையே இறங்கி, சேற்றில் உடலைத் தேற்றிக்கொண்டு மீண்டும் கிளம்ப வேண்டியவை. நடுவழியில் ஒரு சேற்றுத் திடல் காணாமல் போனால், அந்தப் பறவைக்கு மாற்று வழி என்று எதுவும் வரைபடத்தில் இல்லை.

வளர்ச்சித் திட்டம் போடுகிறவர்களின் கண்ணுக்கு இதே சேறு ஆழமில்லாத, ஆளில்லாத, நிரப்பச் செலவு குறைந்த இடம். சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் 2000இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாள்கிறது. அங்கும் அதைச் சார்ந்த கிடங்குகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஏராளம். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களுக்கு அந்த வேலைதான் சோறு. துறைமுகமே வேண்டாம் என்று சொல்ல வயிறு நிறைந்தவனால்தான் முடியும்.

ஆனால் எல்லா நிரப்பலும் சோறு போட்டுவிடவில்லை. 2014இல் தொடங்கிய ஃபோரஸ்ட் சிட்டியைப் பாருங்கள். நான்கு செயற்கைத் தீவுகள், ஏழு லட்சம் மக்கள் என்று கணக்குப் போட்டார்கள். தீபகற்ப மலேசியாவின் முக்கியமான கடற்புல் படுகையான மெராம்போங்கின் ஊடே மண் கொட்டிப் பாதை போட்டார்கள். சிங்கப்பூர் கவலை தெரிவித்த பிறகுதான் வேலை நிறுத்தப்பட்டு, விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு நடந்து, 2015 தொடக்கத்தில் அனுமதி வந்தது. 2023இல் அதன் சீனப் பெருநிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் திணறியது. ஏழு லட்சம் பேர் வரவில்லை. சில ஆயிரம் பேர் வந்தார்கள். கடற்குதிரைகள் வாழ்ந்த புல்வெளி துண்டுபட்டது. வீடு விற்காமல் போனால் நாளை விற்கலாம். துண்டுபட்ட படுகையை ஒட்டவைக்கும் தொழில்நுட்பம் யாரிடமும் இல்லை.

கோடு போட்டுக் காத்த இடமும் முழுதாகத் தப்பவில்லை. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய்க்கு வருபவர்களில் பெரும்பாலோர் தென்கோடிச் சின்னத்துக்கு முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பலகைப் பாதையிலிருந்து குனிந்து பார்த்தால், ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டுகளும் கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும் சேற்றுமீன்களும் தெரியும். நிமிர்ந்து பார்த்தால் தொடுவானம் முழுக்கக் கப்பல்கள். மலாக்கா நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் ஆண்டுக்கு 80,000க்கும் மேல். அவை கிளப்பும் அலையும் அவ்வப்போது சிந்தும் எண்ணெயும் காட்டின் விளிம்பை அரிக்கின்றன. வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடக்கும் மரங்களே சாட்சி. பூங்காவின் எல்லைக்கல் அலையை நிறுத்தாது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

மலேசியாவில் நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ராம்சார் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது கூட்டரசு. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் வேறொருவர். கூக்குப் விவகாரத்தில் பார்த்தது இந்த இடைவெளியைத்தான்.

இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, சிலாங்கூரிலேயே இருக்கிறது. அங்கே வனக் காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்ற விதிகள் 2014இல் வந்தன. 2020இல் கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தை விடுவிக்கும் திட்டம் அந்த விதியால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எதிர்ப்பு மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. மாநில அரசு 2021இல் தகுதியை நீக்கியும், எழுந்த எதிர்ப்பில் அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பப் பெற்றது. 2022இல் தேசிய வனச் சட்டமே திருத்தப்பட்டு, பொது விசாரணையும் மாற்று நிலமும் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்தத் திருத்தம் வனக் காப்பகங்களுக்கு. கூக்குப் தேசியப் பூங்காவானது 1989ஆம் ஆண்டின் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகச் சட்டத்தின் கீழ். பூங்காத் தகுதியை நீக்கும்போதும் மக்களைக் கேட்டாக வேண்டும் என்ற விதியை ஜொகூர் சட்டமன்றம் அந்தச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

விசாரணை நடந்தால் மட்டும் போதுமா? விசாரணையில் வைக்கக் கையில் சரக்கு வேண்டும். பெரிய கடல் நிரப்புத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அறிக்கைகள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஒரு கரையில் எந்தப் பறவையும் பதிவாகவில்லை என்றால், அங்கே பறவையே இல்லை என்பதாகவே அந்த அறிக்கை வாசிக்கப்படும். போகாதவர்களின் மௌனம் நிரப்ப வருகிறவர்களின் வாதமாகிவிடுகிறது. பொழுதுபோக்காகக் கருதப்படும் பறவை நோக்கல் குடிமைக் கடமையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

கூட்டம் சேர்ந்தால் பறவை கலையாதா என்ற கேள்வி நியாயமானது. படகை விரட்டி ஓட்டுவதும், டிரோன் பறக்கவிடுவதும், படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதும் நடக்கின்றன. கடல் ஏறி, பறவைகள் ஒதுங்கி நிற்கும் நேரத்தில் ஒருமுறை கிளப்பிவிட்டால், பல நாள் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. ஆனால் இதற்கான பதில் வேலி அல்ல, ஒழுங்கு: மறைவிடக் குடில், குறிப்பிட்ட தூரம், ஓத அட்டவணைப்படி அனுமதி, உள்ளூர் மீனவரே வழிகாட்டி. கடல் ஏறத் தொடங்கும்போது போனால் பறவைகளே சேற்றோடு நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், துரத்தத் தேவையில்லை.

நம் பங்கு

ஊராரின் அக்கறை சட்டத்துக்கு முன்னால் நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வேடந்தாங்கலே சான்று. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று கண்ட மக்கள், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்தார்கள். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். வனவிலங்குச் சட்டங்கள் பிறப்பதற்கு வெகு முன்பே நடந்தது அது. ஜொகூர் கரையில் அந்த ஊராரின் இடம், அலையாத்திக் காட்டில் இறால் குஞ்சும் மீன்குஞ்சும் வளர்வதை அறிந்த மீனவர்களுக்கு உரியது. அவர்களோடு நின்று பேச நகரத்து ஆட்களும் வேண்டும்.

அந்த நகரத்து ஆட்களில் தமிழர் முகம் அரிது. வார இறுதி என்றால் நமக்குக் கோயில், திருமண மண்டபம், பேரங்காடி. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறை, வலசைக் காலத்தில், ஓத அட்டவணை பார்த்துப் பிள்ளைகளை ஒரு சேற்றுக் கரைக்குக் கூட்டிப் போகலாம். ஜொகூர் பாருவிலிருந்து கூக்குப்போ தஞ்சோங் பியாயோ ஒன்றரை மணி நேரத் தொலைவு. நாலைந்து பேருக்கு ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு போதும். மலாயன் இயற்கைக் கழகத்தின் வழிவந்த மலேசிய இயற்கைக் கழகம் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்கெடுக்கிறது. 1987இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. கைப்பேசியில் பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் செயலி இருந்தால் எந்த நாளிலும் பதிவு செய்யலாம்.

2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. தொழிற்சாலையும் கிடங்கும் குடியிருப்பும் இந்தக் கரையோரத்துக்கு வரத்தான் போகின்றன. எந்த இடத்தை எடுப்பது, எதை விடுவது என்ற பட்டியல் மேசைக்கு வரும்போது பாரிட் ஜாவா சேறு வெறும் காலியிடமாகத் தெரியலாம்; ஆண்டுதோறும் பெருநாரைகள் பதிவான இடமாகவும் தெரியலாம். அந்த வேறுபாட்டை உண்டாக்கப் போவது அதிகாரியின் மனம் அல்ல. வருகிற ஜனவரியிலும் அதற்கடுத்த ஜனவரிகளிலும் அங்கே போய் எண்ணி எழுதி வைக்கிறவர்களின் கணக்குதான்.