சுண்ணாம்பு தடவாத குற்றம்

என்னிடம் படித்த ஒருவன் போன வாரம் கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்தான். மதுராந்தகம் பக்கம் இடம் பார்த்து, பனங்கள் இறக்கி விற்கலாமா சார் என்றான். இடம் கிடைக்கும் தம்பி, உரிமம்? 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், அதாவது குற்றம். பனை நம் மாநில மரமாம்!

2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவதோ அரசே. ஆலை பிராந்தி விற்கலாம், பனையேறி கள் விற்கக்கூடாதா? கேரளாவில் கள்ளுக்கடைக்கு உரிமம் தருகிறார்களே. கலப்படம் வருமென்றால் சோதனை செய்யட்டும். நான் குடியை ஆதரிக்கவில்லை. உறவுக்காரர்களுக்குத் தெரியும், என் சித்தப்பாவைக் கொண்டுபோனது கள்ளல்ல, கடைச் சரக்கு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? வக்கீலாக இருக்கும் மாணவர்கள் யாராவது எழுதுங்கள்.