வங்காலைக்கு வந்த விருந்தினர்

விடுமுறை நாளென்றால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகவேண்டுமென்பர், பெரியோர் கோயிலுக்கென்பர், இல்லாளோ வீட்டிலே ஒருநாள் ஓய்ந்திருந்தாற் போதுமென்பாள். இம்மூன்று கட்சியினரையும் ஒரே வண்டியில் ஏற்றுவது குடும்பத் தலைவனுக்கு நேரும் சோதனைகளுள் ஒன்றென்பதை இப்பகுதியை வாசிக்கும் அன்பர்கள் அறிவார்கள். சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அச்சோதனையில் யான் ஒருவாறு தேறினேன். அன்னையாருக்குத் திருக்கேதீச்சர தரிசனம். பிள்ளைகளுக்கு வங்காலைப் பறவைகள் சரணாலயம். இல்லாளுக்கு, அன்று அடுப்பு மூட்டவேண்டாம் என்ற வாக்குறுதி. கட்டுச்சோற்றுக்காக அவள் அதிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்ட நேர்ந்தமையால் அவ்வாக்குறுதி மாத்திரம் நிறைவேறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து விடியுமுன்னரே வாடகை வான் ஒன்றிற் புறப்பட்டோம். செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தில் வண்டி ஏறியபோது, அதுவரை பேரப்பிள்ளைகளோடு கதை பேசிவந்த அன்னையார் வாய்மூடி வெளியே பார்த்திருந்தார். அப்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் அங்ஙனமே இருப்பது வழக்கம்; ஆதலின் யான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. முன்னாளிற் கேரதீவுத் துறையிற் பாதையேறிக் கடந்த நீர்ப்பரப்பை, 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தாற் சில நிமிடங்களிற் கடந்தோம். பின்னர் பூநகரியூடாக மன்னார் வீதியிலே தெற்கு நோக்கிச் சென்று, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை அடைந்து, பாலாவியிற் கைகால் அலம்பி வழிபாடாற்றினோம். அங்கிருந்து தள்ளாடிப் பக்கமாகத் திரும்பியதும், வீதியின் இருமருங்கும் தட்டையான உப்புவெளியும் ஆழமற்ற நீரும் தோன்றலாயின.

"கேற் எங்கை அப்பா? டிக்கற் எங்கை எடுக்கிறது?" என்று மகன் வினவினான். அவன் நாலாம் வகுப்பு மாணவன். விலங்குக்காட்சிச்சாலை ஒன்றையே முன்னர் கண்டவன். நாம் நின்ற இடத்தில் வாயிலுமில்லை, வேலியுமில்லை. தேசிய பூங்காவினுள் அனுமதிச் சீட்டின்றிப் புகவியலாது. சரணாலயமோ மக்களின் காணிகளையும் வீதிகளையும் தன்னுள் அடக்கிக்கொள்ளக்கூடியது. ஆங்குச் செல்ல எவருக்கும் தடையில்லை. ஆயினும் அங்குள்ள காட்டுயிர்களுக்கு ஊறு செய்தல், 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். வேலியில்லாத இடத்தில் மனிதனின் அறிவே வேலியாக நிற்கவேண்டும் என்று மகனுக்கு உபதேசித்தேன். அவ்வுபதேசத்தை ஒரு மணி நேரத்துள் யானே மறந்த கதையைப் பின்னர் சொல்வேன்.

வங்காலை 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கையில் எமது நாடு 1990 ஆம் ஆண்டிற் சேர்ந்தது. அவ்வாண்டில் அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள பூந்தல முதலாவது ராம்சார் நிலமாயிற்று. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய வங்காலை 2010 ஆம் ஆண்டில் நாலாவதாக அப்பட்டியலில் இடம்பெற்றது. உப்புவெளி, சேற்றுநிலம், கண்டற்காடு, முட்புதர், கடற்புற்றரை, ஆழமற்ற கடல் ஆகிய யாவும் ஒன்றையொன்று தழுவி நிற்பது அவ்விடத்தின் சிறப்பு. நீர் ஆழங் குறைந்திருப்பதனாற் கதிரவன் ஒளி அடிவரை செல்கிறது, பாசி செழிக்கிறது, பாசியை உண்டு கூனியும் புழுவும் நத்தையும் பெருகுகின்றன, இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தை அங்கே கழிக்கின்றன. மீனவர் வலையை நிரப்புவதும் பறவையின் வயிற்றை நிரப்புவதும் அந்தச் சேறுதான். பயனற்ற தரவையென்று நாம் ஒதுக்கும் நிலத்தின் வேலை இது.

வானை வீதியோரமாக நிறுத்தி இறங்கினோம். ஊசிபோல் வால் நீண்ட வாத்துக்கள் நீரிற் கூட்டமாக மிதந்தன. கரையோரச் சேற்றிலே உள்ளான்கள் தையல் இயந்திரத்து ஊசிபோல் ஓயாது கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுள் மிகச் சிறியதொன்றைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியாற் காட்டினேன். அதன் நிறை வழக்கமாக 20 முதல் 30 கிராம் வரையே. அச்சிறு உடல், வடதுருவத்தை அடுத்த சைபீரிய வெளிகளிற் குஞ்சு பொரித்து, ஆங்குப் பனி மூடுமுன் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து எம் நாட்டுக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் மீண்டும் அத்தனை தூரமும் பறந்து போகவேண்டும்.

அப்பாற் சற்றுத் தூரத்தில், நீரின் நடுவே, வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு நீண்ட கோடு தெரிந்தது. அவை பூநாரைகள். "சத்திமுற்றப் புலவர் தூது விட்டது இந்த நாரையைத்தானோ?" என்று சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் கேட்டாள். "அது செங்கால் நாரை, அதன் அலகு நேரானது. இதன் அலகோ நடுவில் முறிந்ததுபோல் வளைந்தது. ஆயினும் நாரைகள் குமரித்துறை வரை வந்து வடக்கே திரும்புவதை அப்புலவர் அறிந்திருந்தார் என்பதைக் கவனித்தாயா?" என்றேன். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருள் வைத்து, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தகடுகள் பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்துக்கொள்ளும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் இறகைச் சிவப்பாக்குகிறது. குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறமே.

மகன் தாயின் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தவாறே, "ஒண்டும் பறக்குதில்லையே அப்பா" என்று சலித்தான். பூநாரை நிற்கையில் அதன் செம்மையிற் பெரும்பகுதி மடிந்த சிறகினுள் மறைந்திருக்கும். பறக்கும்போதுதான் சிவந்த சிறகும் அதன் கரிய ஓரமும் வெளிப்படும். புத்தகத்திற் படித்த இதனைப் பிள்ளைகளுக்குக் கண்ணாரக் காட்டிவிடும் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டெட்டு முன்சென்று, இருபது ஆண்டுகளாக வகுப்பறையிற் பழகிய இரு கைகளையும் ஓங்கித் தட்டினேன்.

நீண்ட கழுத்துக்கள் யாவும் ஒருங்கே நிமிர்ந்தன. பூநாரைகள் நீரின்மேற் கால் பதைக்க ஓடி, சிறகடித்து, மெல்ல மெல்ல மேலெழுந்தன. வானம் சிவந்தது. அருகிலிருந்த வாத்துக்களும் உள்ளான்களும் அஞ்சி எழுந்தன. மகன் துள்ளிக் குதித்தான். அவை இருமுறை வட்டமிட்டுக் கண்ணுக்கெட்டாத் தொலைவிற் போய் இறங்கின. எம்முன்னே வெறும் நீர் மட்டுமே எஞ்சியது.

வானிலிருந்து அன்னையார் இறங்கி வந்தார். அவர் என்னைக் கடிந்து பேசுவது அரிது.

"தம்பி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சனத்தைக் கைதட்டி எழுப்பப்படாது" என்றார்.

"அதுகளுக்கு ஒண்டும் நடக்கேல்லையே அம்மா. போய் அங்காலை இருக்குதுகள்" என்றேன்.

"எங்களுக்கும் அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தான்" என்று அவர் தொடங்கினார்.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து, அந்த நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. கொடிகாமத்திலே ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. இரண்டு நாட்களுக்குப் பின்னர் அன்றுதான் அன்னையார் ஒரு பானை சோறு ஆக்கியிருந்தார். "வடிச்சு இறக்கேக்கை பிளேன் எண்டு ஆரோ கத்தினாங்கள். எழும்பி ஓடினம். குண்டு விழேல்லை, பிளேனும் அந்தப் பக்கம் வரேல்லை. திரும்பி வந்து பாத்தா நாய் பானையை உருட்டியிட்டுது. ஓடினதாலை ஒருத்தரும் சாகேல்லை, தம்பி. ஆனா அண்டைக்கு நீ பட்டினி. அடுத்த நாள் பளைக்கு நடக்கேக்கை அரைவழியிலை இருந்திட்டாய். உன்னைத் தூக்க எனக்கும் ஏலாமற் போச்சு."

வீதியோரத்தில் யான் அமர்ந்தது நினைவிலிருந்தது. ஏன் அமர்ந்தேன் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்தப் பானையின் கதையை அவர் முப்பது ஆண்டுகளாக எமக்குச் சொன்னதில்லை.

அவர் அனுபவத்தாற் கூறியதையே உயிரியல் நூல்களும் கூறுகின்றன. நெடுந்தூரம் வலசை போகும் பறவைக்குக் கொழுப்பே எரிபொருள். புறப்படுமுன் சிறிய கரைப்பறவைகள் சில தம் நிறையை ஏறக்குறைய இருமடங்காக்கிக் கொள்கின்றன. அதற்கு அவை நாள்தோறும் இடையறாது உண்ணவேண்டும். ஒருமுறை வெருண்டு எழும்போது இரண்டு நட்டம் நேர்கின்றன: சேர்த்த கொழுப்பிற் சிறிது எரிந்துபோகிறது, உண்ணும் நேரமும் கழிந்துபோகிறது. பூநாரை போன்ற பெரும் பறவைக்கு நீரிலிருந்து எழுவதே பெரும் பிரயாசை. ஒருவர் ஒருமுறை கைதட்டினாற் கேடில்லை என்று தோன்றும். ஆனால் வீதியோரத்தில் நாள் முழுதும் வண்டிகள் வந்து நிற்குமாயின், ஒவ்வொருவரும் தட்டுவது ஒருமுறைதான். பறவை எழுவது எத்தனை முறை? பட்டினியோடு புறப்பட்ட பறவை அரைவழியில் அமர்வதற்குக் கடலின்மேல் வீதியோரமும் இல்லை.

"அப்ப நான் எடுத்த படத்தை அழிக்கட்டே?" என்று மகன் கேட்டான்.

"வேண்டாம். அப்பா செய்த பிழைக்கு அது சாட்சியாக இருக்கட்டும்" என்றேன்.

அனைவரும் வானுள் ஏறி, யன்னல்களைத் திறந்துவைத்து, பேசாமல் அமர்ந்திருந்தோம். நிற்கும் வண்டியைப் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. நடமாடும் மனித உருவைக் கண்டே அஞ்சுகின்றன. இல்லாள் புளிச்சோற்றையும் பொரித்த மோர்மிளகாயையும் வாழையிலைத் துண்டுகளிற் பரிமாறினாள். முதலில் உள்ளான்கள் திரும்பின, பின்னர் வாத்துக்கள். முக்கால் மணி நேரத்தின் பின் பூநாரைகள் உண்டபடியே அடியடியாக நகர்ந்து, முன்பு நின்ற இடத்தினும் அண்மைக்கு வந்தன. அவை அலகைக் கவிழ்ப்பதும், தம் கால்களாற் சேற்றைக் கலக்குவதும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. வகுப்பில் ஐந்து நிமிடமும் இருக்கையில் நில்லாதவன் என்று ஆசிரியரால் முறையிடப்படும் என் மகன், கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, இமையாது பார்த்திருந்தான்.

அவ்வேளை பாட்டொலி முழங்க வேறொரு வான் வந்து நின்றது. இளைஞர் சிலர் இறங்கினர். ஒருவர் கல்லொன்றைக் கையிலெடுத்தார். யான் எழுமுன்னரே மகன் கதவைத் திறந்து இறங்கிச் சென்று, "அண்ணா, அதுகள் சாப்பிடுகுதுகள்" என்றான். இளைஞர் நகைத்தனர். ஆயினும் கல் கீழே விழுந்தது; சற்று நேரத்திற் பாட்டும் நின்றது. தூரதிருஷ்டிக் கண்ணாடியை அவர்களுக்கும் கொடுத்தோம்.

வங்காலைக்கோ, வேறு ஈரநிலமொன்றுக்கோ குடும்பத்தோடு செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். ஐப்பசி முதற் பங்குனி வரையுள்ள காலம் உகந்தது. காலை, மாலை வேளைகளில் வெயிலும் குறைவு, காட்சியும் நன்று. பகட்டான நிற ஆடைகளைத் தவிருங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, கூடுமானவரை அதனுள்ளிருந்தே பாருங்கள். கொண்டுசென்ற நெகிழிப் பைகளையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு மணி நேரம் சும்மா இருப்பதற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துங்கள்; என் அனுபவத்தில், பிள்ளைகளைவிடத் தந்தையரையே அதற்கு ஆயத்தப்படுத்த வேண்டியுள்ளது.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலை யான் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பொருளென்றும், முன்பின் அறியாது புதிதாய் வந்தவரே விருந்தினரென்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். எமது நிலத்தை நம்பி உண்ண வந்த விருந்தினரை இலையிலிருந்து எழுப்பியவன், அவ்வதிகாரத்தை இவ்வாண்டு சற்று நாணத்துடனேயே கற்பிப்பான்.

மாலை மயங்கும் வேளையில் மீண்டும் நாவற்குழிப் பாலத்தை அணுகினோம். "அப்பம்மா, நீங்கள் இதாலைதானோ நடந்து போனனீங்கள்?" என்று மகன் கேட்டான். அப்பாலத்தின்மேல் அன்னையார் முதன்முறையாக வாய் திறந்தார். அன்று பெய்த மழையையும், கையிற் கொண்டுசென்ற பொருள்களையும், உடன் நடந்தவர்களையும் பற்றி அவர் சொல்லத் தொடங்கிய கதை, வீட்டுப் படலையில் வண்டி நின்ற பின்னரும் முடியவில்லை. எவரும் இறங்கவில்லை, இருந்து கேட்டோம்.