துருவைச் சுரண்டிய முதியவர்கள்

பணி ஓய்வு பெற்ற மறுநாளே நம் இல்லங்களில் பெரியவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி தயாராகிவிடுகிறது. "வாப்பா, நீங்க உழைச்சது போதும், இனி தஸ்பீஹும் கையுமா இருங்க" என்று மக்கள் சொல்வது அன்பினால்தான். அந்த அன்பே சில வேளைகளில் ஒரு மனிதரை உள்ளுக்குள் துருப்பிடிக்க வைத்துவிடுகிறதோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்கக் கிழவர்கள் சிலரின் கதை அதை உறுதிப்படுத்தியது.

எல்.எஸ்.டி. 325 என்பது ஒரு போர்க்கப்பலின் எண். இரண்டாம் உலகப்போரின்போது பிலடெல்பியாவில் கட்டப்பட்டு, 1942 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டது. 328 அடி நீளம், அடிப்பகுதி தட்டையானது. துறைமுகம் இல்லாத கரையிலும் நேராக ஏறி நின்று, முகப்புக் கதவுகளைத் திறந்து, டாங்கிகளை மணலில் இறக்கும். வேகம் மிகக் குறைவாதலால், 'பெரிய, மெதுவான இலக்கு' என்று மாலுமிகளே இவ்வகைக் கப்பல்களைக் கேலி செய்தனர். சிசிலியிலும் சலெர்னோவிலும் நார்மண்டியிலும் பணிபுரிந்த இக்கப்பல், 1964-இல் கிரேக்கக் கடற்படைக்குச் சென்று, 1999 வரை அங்கேயே உழைத்தது.

போர்க்கருவியைப் பேணுவதில் என்ன நன்மை என்று வாசக நேயர்கள் வினவலாம். எனக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆனால் 1944 டிசம்பர் 28 அன்று, 'எம்பயர் ஜாவலின்' என்ற துருப்புக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது, அதிலிருந்த சுமார் 700 பேரைத் தன் தளத்தில் ஏற்றிக் காத்ததும் இதே கப்பல்தான். நார்மண்டிக்குப் படைகளைச் சுமந்து சென்ற இவ்வகைக் கப்பல்கள் காயமுற்றோரைச் சுமந்தே திரும்பின. ஆக, அந்த இரும்புக்கு இரண்டு முகங்கள். எந்த முகத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்பது சுற்றிக் காட்டுபவரின் பொறுப்பு.

2000-ஆம் ஆண்டுக் கோடையில், கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் அக்கப்பல் கைவிடப்பட்ட நிலையில் நின்றது. இவ்வகைக் கப்பல்களில் இளமையில் பணியாற்றிய முதியவர்கள் தம் சொந்தச் செலவில் அங்கு போய்ச் சேர்ந்தனர். ஊதியம் கிடையாது. கப்பலிலேயே உண்டு, உறங்கி, மத்தியதரைக் கடலின் வெயிலில் மாதக்கணக்கில் வேலை செய்தனர். துருவைச் சுரண்டினர், குழாய்களை மாற்றினர், டீசல் எஞ்சின்களை மீண்டும் ஓட வைத்தனர். ஐம்பதாண்டுகளுக்கு முன் கற்ற தொழிலை, அவர்களின் மூளை மறந்திருந்தாலும் கைகள் மறக்கவில்லை போலும்!

பின்னர் எழுந்தது கடினமான கேள்வி. ஏறத்தாழ அறுபது வயதான கப்பல். சராசரி வயது 72 ஆன மாலுமிகள். எதிரே குளிர்கால அட்லாண்டிக். வேண்டாம் என்று தடுத்தோர் பலர். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டியவர் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் என் செய்வது? நம் வீட்டுப் பெரியவர் இப்படிப் புறப்பட்டால் நாமும் வாசலை மறித்துத்தான் நின்றிருப்போம்.

ஆயினும் நவம்பரில் கிரீட்டை விட்டு, ஜிப்ரால்டர் வழியாக அவர்கள் புறப்பட்டனர். நாம் இங்கு ரமளான் நோன்பு நோற்று, பெருநாள் கொண்டாடிய அந்த நாட்களில் அவர்கள் அட்லாண்டிக்கின் நடுவே இருந்தனர். 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கப்பல் கரை சேர்ந்தபோது, வரவேற்கப் பெருங்கூட்டம் காத்திருந்தது.

2005 முதல் அக்கப்பலின் இருப்பிடம், இந்தியானாவின் எவன்ஸ்வில். ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள அவ்வூரில் போர்க்காலத்தில் இவ்வகைக் கப்பல்கள் 167 கட்டப்பட்டன. இன்றும் தொண்டர்களே அதைப் பேணுகின்றனர். ஆற்றுவழியே அது பிற ஊர்களுக்குச் செல்லும்போது எஞ்சின் அறையிலும் அடுப்பங்கரையிலும் நிற்பவர்கள் அவர்களே. போரைக் கண்டவர்கள் அருகிவிட்டதால், வேலையை அடுத்த தலைமுறை ஏற்றிருக்கிறது.

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு பள்ளிவாசலில் ஹவுளுக்கு நீர் இறைக்கும் மோட்டார் பழுதானது. வெளியூரிலிருந்து மெக்கானிக் வரும்வரை இரண்டு நாட்கள் வாளியில் நீர் சுமந்து ஒளூச் செய்தோம். அந்தப் பெரியவரும் எங்களோடு வரிசையில் நின்று ஒளூச் செய்தார். "நீங்கள் ஒருமுறை பாருங்களேன்" என்று அவரிடம் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.