வழி சொல்வதும் ஒரு தொழிலே



அண்மையில் பாடசாலை விட்டு வரும்போது ஒரு தாய் வாசலில் காத்து நின்றார். "மௌலவி, மகள் டிகிரி முடிச்சி ரெண்டு வருஷமாகுது. டீச்சிங் கிடைக்கல்ல. வேறென்ன வேலதான் இருக்கு?" என்று கேட்டார். மகள் கற்றது சமூகவியல். "தொழில் வழிகாட்டல் துறையைப் பற்றி யோசித்தீர்களா?" என்றேன். அப்படியும் ஒரு வேலையா என்று அவர் வியந்தார்.

ஆம், இருக்கிறது. எமது கிழக்கு மாகாணத்தில் பிரதேச செயலகங்களில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இப்பணியைச் செய்கின்றனர். பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள் உள்ளனர். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்கென ஆட்கள் தேவைப்படுகின்றனர்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இவ்வெற்றிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு அரச ஆட்சேர்ப்பும் கட்டுப்படுத்தப்பட்டது. எமது பகுதியில் தனியார் துறையில் இவ்வேலை மிகக் குறைவு. ஆகவே இதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருப்பது புத்தியல்ல.

ஆனால் தேவையோ பெரிது. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைப்பதில்லை. அவர்களுக்கு அடுத்த வழியைச் சொல்வது யார்?

இதில் என் தவறொன்றையும் மறைக்க விரும்பவில்லை. சில வருடங்களுக்கு முன் சாதாரண தரத்தில் சித்தியடையாத ஒரு மாணவி என்னிடம் யோசனை கேட்டாள். "திரும்ப எழுது, அதுவரை வீட்டில் இரு" என்றேன். சாதாரண தரத்தில் சித்தியடையாதோரும் பாடசாலையிலேயே தொழிற்பாடங்களைக் கற்க வழிசெய்யும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இலேயே ஆரம்பமாகியிருந்தது. நான் அதை விசாரிக்கவில்லை. அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அறியாமல் சொன்ன யோசனை ஒரு பிள்ளையின் வருடங்களைத் தின்றுவிட்டது.

எனவே இத்துறையை விரும்பும் பிள்ளைகள் இன்றே ஆயத்தமாகட்டும். உளவளத்துணையில் ஒரு டிப்ளோமா கற்கலாம். சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகவேண்டும். தேசிய தொழிற் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. எந்தப் பயிற்சி எந்த மட்டத்தில் முடிகிறது, அதிலிருந்து மேலே செல்ல வழி உண்டா என்று தேடி அறிந்து குறித்து வைக்கவேண்டும். வர்த்தமானியைத் தவறாமல் பார்க்கவேண்டும். பரீட்சை முடிவுகள் வரும் நாட்களில் ஊர்ப் பாடசாலையில் அதிபரின் அனுமதியுடன் பிள்ளைகளுக்கு உதவினால், அந்த அனுபவம் நேர்முகப் பரீட்சையில் பேசும்.

தாய்மாரே, ஒன்றை நினைவில் வையுங்கள். மகளுக்கு இது உத்தியோகமாக அமையாவிட்டாலும் இந்த அறிவு வீணாகாது. தம்பி தங்கையரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் முதலில் வந்து கேட்பது அவளிடம்தான். அன்று அவள் விசாரித்து அறிந்து சொல்பவளாக இருக்கட்டும். என்னைப் போல் விசாரிக்காமல் சொல்பவளாக வேண்டாம்.