உங்கள் கட்டுரை ஏன் ஒட்டப்படவில்லை?



ஒவ்வொரு முறை இந்தத் தாள் சுவரில் ஏறும்போதும், "என்னுது ஏன் வரல?"ன்னு கேட்கிறவர்கள் உண்டு. ஒண்ணும் கேட்காமலே "இனிமே எழுத மாட்டேன்"னு ஒதுங்குபவர்கள்தான் அதைவிட அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வந்த கட்டுரைகளைப் படி எடுத்து எழுதும் வேலை என்னுடையது. அதனால் எது நிற்குது, எது போகுதுன்னு பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.

1. காப்பி: 'மரம் வளர்ப்போம்', 'காலம் பொன் போன்றது' எல்லாம் நோட்ஸில் உள்ளபடியே வருகின்றன. எல்லாரும் படிச்சு முடிச்சதை மறுபடி படிக்க யார் சுவர் முன்னால் நிற்பார்கள்?

2. சரிபார்க்காத செய்தி: "இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு" என்பது தப்பு. ஒடிசாவின் சிலிகாதான் முதலாவது. நம்ம ஏரி இரண்டாவது.

3. நீளம்: இருப்பது ஒரே ஒரு சார்ட் பேப்பர். முன்னுரையே ஒரு பக்கம் என்றால் மற்றவர்கள் எங்கே எழுதுவது?

4. எழுத்துப்பிழை: நண்டு 'வலை'யில் இருந்தால் மாட்டிக்கிச்சு, 'வளை'யில் இருந்தால் தப்பிச்சிருச்சு. ஒரே எழுத்தில் நண்டோட உயிரே இருக்கு!

திருப்பி அனுப்பினால் கேவலம் என்று நினைக்காதீர்கள். கணித மேதை இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அவர் கணக்கு புதுமையானது. ஆனால் ரொம்பச் சுருக்கி எழுதியதால் சாதாரண வாசகருக்குப் புரியாது என்று கருதினார் இதழாசிரியர் நாராயண ஐயங்கார். அதனால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்லித்தான் வெளியிட்டார். இராமானுஜனும் சலிக்காமல் திருத்தினார்.

இதில் நம் இரண்டு தரப்புக்கும் பாடம் இருக்கு. எழுதுபவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடக் கூடாது. தேர்வு செய்பவர்களும் வெறும் கோடு போட்டு ஒதுக்கக் கூடாது. ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதித் திருப்பித் தரணும். காரணம் தெரியாதவன் எதைத் திருத்துவான்?

எழுத்துப்பிழைக்காக மட்டும் எந்தக் கட்டுரையையும் ஒதுக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. ர, ற-வை நாங்கள் படி எடுக்கும்போது திருத்திக்கலாம். ஆனால் எழுதியவர் கண்ணால் பார்த்ததை நாங்கள் சேர்க்க முடியாது. ஏரிக்கரைப் பிள்ளைகள் பலர், "எங்களுக்கு என்ன தெரியும், மீன் பிடிக்கிறதுதானே"ன்னு சொல்றாங்க. அதுதாங்க வேணும்! யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிப் பிரிக்கும் பாடு முறை எப்படி நடக்குது? முகத்துவாரம் மண் மூடினால் இறால் என்ன ஆகுது? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாத வீட்டில் அன்னிக்கு என்ன சமையல்? இதெல்லாம் எந்த நோட்ஸிலும் கிடைக்காது. உங்க வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்க.

எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். பெயர், வகுப்பு போட மறக்காதீர்கள். போன தடவை வராத கட்டுரையையும் திருத்திக் கொண்டு வாருங்கள். சுவர் இங்கேதான் இருக்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
எளாவூர்.